தண்ணிக்குப் பேரு காங்கேயம்

இப்படி உள்ள வந்துரு கண்ணு. முன் ரூம்புல அவரு இருக்காரு. சமையக்கட்டுலயே உக்காந்து பேசிக்கலாம். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க. வெள்ளகோயில்ல இருந்து நின்னுக்கிட்டேவா வந்தே? ஞாயித்துக்கிழமை பஸ்ஸு அப்படித்தான்.

நீ போன்ல கேட்டதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லிரலாம். சரக்கு. உன்ற பிளாக்குக்கு ஆளு வரோணும்னா அதுல சரக்கு இருக்கோணும். எழுத்தைப் பெருசாக்கறது, கலரு மாத்தறது, சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பிப் 'படிச்சுப் பாருங்க, படிச்சுப் பாருங்க'ன்னு கெஞ்சறது, அதெல்லாம் நானும் பண்ணிப் பாத்தவதான். ஒண்ணும் ஆகாது. நீ செடி வளக்கறதைப் பத்தி எழுதறேன்னு சொன்னியே. நான் ரெண்டு படிச்சேன். கோவிச்சுக்காதே, அதுல செடிதான் இருக்குது, நீ இல்லை. உன்ற ஊட்டுல அந்தச் செடி எப்ப வாடுச்சு, நீ யார்கூடச் சண்டை போட்டுட்டு அதுக்குத் தண்ணி ஊத்த மறந்தே, அதை எழுது. ஆளு வரும்.

எனக்கும் மொதல்ல தெரியாது. ஓசூர்ல இருக்கறா பாரு என்ற மக மேகலா, அவதான் ஆரம்பிச்சுக் குடுத்தா. 'வசந்தாமணி சமையல்'னு பேரு. அம்மாவுக்குப் பொழுது போகட்டும்னு. நான் வாரப் பத்திரிகையில வர்றதைப் பாத்து அப்படியே எழுதுவேன். பூண்டுக் குழம்பு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடையறது. ஒம்பது பேரு பாத்திருக்காங்கன்னு காட்டும். அதுல ஆறு தடவை நானே தொறந்து பாத்தது. அப்ப சேலத்துல இருந்து திருவேங்கடம்னு ஒருத்தர் கமெண்ட் போட்டாரு. 'அம்மா, இந்தக் குழம்பை நாலு இடத்துல படிச்சாச்சு. உங்க ஊட்டுல நடக்கறதை எழுதுங்க.' எனக்கு ரோசமாப் போச்சு. எங்கூட்டுல என்ன நடக்குது எழுதறதுக்கு? அவரு வேலைக்குப் போறாரு, வர்றாரு.

எங்கூட்டுக்காரர் கண்டக்டருங்க. பேரு சென்னியப்பன். ஈரோடு பழனி வண்டியில இருபத்தாறு வருசம். அறச்சலூர், காங்கேயம், தாராபுரம்னு அவரு கூவுனா கடைசி சீட்டுல தூங்கறவன் எந்திரிச்சு உக்காருவான். ஊட்டுலயும் அதே குரல்தான். 'வசந்தா, தண்ணி'ன்னா அடுத்த ஊட்டுக்காரி சொம்பு எடுத்துக்கிட்டு வந்துருவான்னு கிண்டல் பண்ணுவாங்க.

அப்படிப்பட்ட மனுசன், அறச்சலூர் தாண்டிப் போறப்ப, கையில டிக்கெட்டோட அப்படியே சாஞ்சுட்டாரு. டிரைவரு வண்டியை நிறுத்தவே இல்லை. அம்பது அறுவது பேரோட நேரா ஆசுபத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டாரு. ஒருத்தர் கூட 'என்னை எறக்கி உடு'ன்னு கேக்கலையாம். இன்னைக்கும் அதை நெனச்சா எனக்குக் கண்ணு கலங்கும்.

உசுரு பொழைச்சிருச்சு. வலது கை வெலவெலத்துப் போச்சு. பேச்சு சுத்தமா நின்னுபோச்சு. டாக்டர் என்னையும் மேகலாவையும் உக்கார வெச்சுச் சொன்னாரு. 'அவருக்கு எல்லாம் புரியும்மா. நீங்க பேசறது, சிரிக்கறது, ஏன் சிரிக்கறீங்கங்கறது எல்லாமே புரியும். வார்த்தையும் உள்ள இருக்குது. எடுக்கப் போனா வேற வார்த்தை கைக்கு வரும். பயிற்சி குடுத்தா மெதுவா சரியாகும்.' எல்லாம் புரியும்னு கேட்டதும் நான் சாமிக்கு வேண்டிக்கிட்டேன்.

நாப்பதாவது நாளோ என்னமோ, காத்தால, டம்ளரைக் கை காட்டுனாரு. வாயைக் கோணிக் கோணி, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை வந்துச்சு. 'காங்கேயம்.'

நான் தண்ணி குடுத்தேன். குடிச்சாரு. குடிச்சுட்டு மறுபடியும் டம்ளரை நீட்டிக் 'காங்கேயம்'னாரு. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன் கண்ணு. நாப்பது நாளு கழிச்சு என்ற புருசன் பேசறாரு. தண்ணிக்குப் பேரு காங்கேயம்னா இருந்துட்டுப் போகட்டுமே.

அன்னைக்கு மத்தியானம் அவரு தூங்குனப்ப அதைத்தான் எழுதினேன். கொழம்பு கிழம்பு ஒண்ணுமில்ல. நடந்ததை நடந்தாப்புல. சாயங்காலம் தொறந்து பாக்கறேன், நாலாயிரத்துச் சொச்சம் பேரு. நான் மேகலாவுக்குப் போன் பண்ணி, 'ஏம்புள்ள, இது கெட்டுப் போச்சாட்ட இருக்குது, தப்புத் தப்பாக் காட்டுது'ன்னேன். அவ பாத்துட்டு, 'இல்லம்மா, நெசமாத்தான்'னா. எத்தனை கமெண்டு! கோயமுத்தூர்ல ஒரு பொண்ணு, அவங்கப்பாவுக்கும் இதே மாதிரியாம், 'ஒரு வருசமா நாங்க மட்டுந்தான் இப்படின்னு நெனச்சுட்டிருந்தேன்'னு எழுதியிருந்தா. அந்த ஒரு வரிக்காகவே எழுதலாம்னு தோணுச்சு. தப்பா, சொல்லு?

அதுக்கப்புறம் தெனமும் எழுதினேன். சாம்பாருக்கு அறச்சலூர்னாரு. காத்தாடிக்கு 'ரைட்'. தலை வலிச்சா நெத்தியப் புடிச்சுக்கிட்டு 'எறங்கு, எறங்கு'ம்பாரு. கண்ணாடிக்குச் 'சில்லறை'. கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்துச் சில்லறை சில்லறைன்னு அவரு சொன்னதை எழுதினப்ப அத்தனை பேரும் உருகிப் போயிட்டாங்க. என்னைத் 'தாராபுரம்'னு கூப்புட்டாரு. தாராபுரந்தான எங்கூரு? வேலை முடிஞ்சு எறங்கற எடம். அவருக்கு ஊடுன்னா நாந்தான்னு எழுதினேன். அது பதினோராயிரம் பேரு. ஒரு பேராசிரியர் அதைப் படிச்சுட்டு வகுப்புல வாசிச்சுக் காட்டினாராம்.

நீ ஒண்ணு எழுதி வெச்சுக்க கண்ணு. பொய் எழுதக் கூடாது. நான் ஒரு நாளும் எழுதினதில்ல. அவரு சொல்லாத வார்த்தையைச் சொன்னதா ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு காட்டச் சொல்லு பாக்கலாம். கற்பனை பண்ணி எழுதறது ஒரு பெரிய வேலையா? படிக்கறவங்களுக்கு எது நெசம், எது சோடிச்சதுன்னு தெரிஞ்சுபோகும். அதனால கையில ஒரு நோட்டு வெச்சிருப்பேன். அவரு வாயத் தொறந்தா ஒடனே குறிச்சுக்குவேன். அவரும் பாப்பாரு. டாக்டருக்குக் காட்டறதுக்குன்னு நெனச்சிருப்பாரு போல. நான் ஒண்ணும் சொல்லிக்கலை. டாக்டருக்கும் ஒரு தடவை காட்டியிருக்கேன்.

திருப்பூர்ல பேச்சுப் பயிற்சி. செவ்வாயும் வெள்ளியும். ஷெரின்னு ஒரு பொண்ணு, சின்ன வயசு, பொறுமைன்னா பொறுமை. படத்தைக் காட்டி, மொத எழுத்தை மட்டும் அது சொல்லும். 'த...' அப்படின்னா அவரு 'த... த... தண்ணி'ம்பாரு. எட்டு மாசத்துல நல்லாத் தேறிட்டாரு. ஒரு நாளைக்கு இருவது வார்த்தை மாறி வந்தது போயி, ரெண்டு மூணுதான் மாறும். அப்புறம் அதுவும் இல்லை. தண்ணி தண்ணியாயிருச்சு. சாம்பாரு சாம்பாராயிருச்சு.

சந்தோசந்தான். ஆரு இல்லைன்னது? ஆனா எழுதறதுக்கு என்ன இருக்குது? 'இன்று என் கணவர் தண்ணி கேட்டார்'னு எழுதுனா ஆரு படிப்பாங்க? எழுதிப் பாத்தேன். எறநூறு பேரு. 'சார் குணமாவது மகிழ்ச்சி'ன்னு ஒரு கமெண்ட். 'பழைய வார்த்தைகளை மிஸ் பண்றோம் அம்மா'ன்னு பத்து கமெண்ட். சேலத்துத் திருவேங்கடம், 'உங்க எழுத்துல பழைய உயிர் இல்லையே'ன்னு எழுதிட்டாரு. அன்னைக்குச் சோறு எறங்கலை எனக்கு. பதினோராயிரம் பேரு உக்காந்திருந்த பந்தியில எறநூறு பேரு உக்காந்திருந்தா, பரிமாறறவளுக்கு எப்படி இருக்கும்? எலையெல்லாம் காத்துல பறக்குதாட்ட இருந்துச்சு.

அந்தச் சமயம் பாத்து மழை வேற. திருப்பூர் ரோடெல்லாம் குண்டுங் குழியும். பஸ்ஸு குலுக்குனா அவருக்கு ஒடம்புக்கு ஆகாதுன்னு ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்துனேன். வெள்ளிக்கிழமை எனக்கு முட்டி வலி. நெசமான வலி கண்ணு, வேணும்னா மாத்திரைச் சீட்டுக் காட்டறேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணம். ஷெரின் போன் பண்ணுச்சு. 'அம்மா, இப்பத்தான் நல்லா வர்றாரு, உடக் கூடாது'ன்னு. 'ஊட்டுலயே நான் பழக்கறேன் சாமி'ன்னு சொன்னேன்.

பழக்கவும் செஞ்சேன். காத்தால காப்பி குடுத்ததும் ஒவ்வொரு பொருளா எடுத்துக் காட்டுவேன். கரண்டியக் காட்டி, 'ஏனுங்க, இது என்ன?' 'கரண்டி.' சீப்பைக் காட்டி, 'இது?' 'சீப்பு.' சரியாச் சொல்லுவாரு. நான் மறுபடியும் கேப்பேன். 'நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது என்ன?' அப்ப அவருக்குக் கொழப்பமாயிரும். சரியாச் சொன்னோமா இல்லியான்னு என்ற மூஞ்சியப் பாப்பாரு. மூணாவது தடவை கேட்டா, 'சீ... சில்... பின்னாடி ஏறு'ன்னு வரும். நோட்டுல எழுதிக்குவேன். அவருக்கு வேர்த்துரும். தொடைச்சு உடுவேன். பயிற்சின்னா கஷ்டமாத்தான இருக்கும்?

ஆளுங்க திரும்பி வந்தாங்க. அஞ்சாயிரம், ஆறாயிரம். அது எனக்கு எத்தனை தெம்புன்னு உனக்கு எப்படிச் சொல்லறது? இந்த ஊட்டை உட்டு நான் எங்கயும் போக முடியாது. ஒரு நோம்பிக்குப் போக முடியாது, ஒறம்பரை ஊட்டுல ஒரு நாள் தங்க முடியாது. இந்த நாலு சொவத்துக்குள்ள இருந்துக்கிட்டு ஆறாயிரம் பேருகூடப் பேசறேன்னா அது சின்ன விசயமா?

மூணு வருசம் இப்படியே ஓடுச்சு. அப்பத்தான் திருவேங்கடம் நேர்ல வர்றேன்னு எழுதினாரு. புருசனும் பொஞ்சாதியும், பழனிக்குப் போற வழியில. எனக்குத் தலை கால் புரியலை. ஊட்டைக் கழுவி உட்டு, அவருக்குச் சலவைச் சட்டை போட்டு உட்டேன். 'ஆரு?'ன்னாரு. 'நம்ம சேலத்து ஃப்ரெண்ட்ஸு'ன்னேன். நமக்கு ஏது சேலத்துல ஃப்ரெண்ட்ஸுன்னு யோசிக்கறாரு.

வந்தாங்க. நல்ல மனுசங்க. பழம், பலகாரமெல்லாம் வாங்கிட்டு வந்திருந்தாங்க. அந்தம்மா அவரு கையப் புடிச்சுக்கிட்டு, 'உங்களை எங்களுக்கு நாலு வருசமாத் தெரியும் சார்'னாங்க. அவரு என்னைப் பாத்தாரு. நான் சிரிச்சேன். காப்பி போடலாம்னு எந்திரிச்சப்ப, அந்தம்மா ஒரு டம்ளரை எடுத்து அவரு மூஞ்சிக்கு நேராக் காட்டி, 'சார், இதுக்கு என்ன பேரு? ஒரே ஒரு தடவை சொல்லுங்க'ன்னாங்க. கொழந்தைகிட்டக் கேக்கறாப்புல. திருவேங்கடம் செல்போனைத் தூக்கிப் புடிச்சிருந்தாரு. எங்கூட்டுக்காரர் டம்ளரையே பாத்தாரு. 'காங்கேயம், காங்கேயம்னு சொல்லுங்க சார்'னு அந்தம்மாவே எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்ல, பாசமாத்தான் சிரிச்சாங்க.

'உங்களுக்கு இது எப்படித் தெரியும்?'

அவருதான் கேட்டாரு. ஒரு வார்த்தை மாறலை, ஒரு எழுத்துத் தெத்தலை. நாலு வருசத்துல அத்தனை பெரிய வாக்கியம் அவரு பேசினதில்ல. திருவேங்கடத்துக்கு ஒண்ணும் புரியலை. செல்போனை நீட்டி, 'அம்மா எழுதறாங்களே சார், உங்களுக்குத் தெரியாதா?'ன்னு பிளாக்கைத் தொறந்து காட்டிட்டாரு.

வாங்கிப் பாத்தாரு. இடது கையில புடிச்சுக்கிட்டு, கட்டை வெரல்ல தள்ளித் தள்ளிப் படிச்சாரு. அவங்க பழனிக்கு நேரமாச்சுன்னு நெளியறாங்க. அவரு நிறுத்தலை. கண்ணாடி, காத்தாடி, தலைவலி, பாத்ரூம்புல ஒரு நாள் நடந்தது, எல்லாம் அதுல இருக்குது. நான் ஒண்ணையும் மறைக்கலையே. கடைசியில செல்போனைத் திருவேங்கடத்துகிட்டத் திருப்பிக் குடுத்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாரு. இடது கை மட்டும். அதோட சரி.

அதோட எங்கிட்டப் பேச்சை நிறுத்திட்டாரு.

மறுநாள் காத்தால எந்திரிச்சுப் பாக்கறேன், ஆளைக் காணோம். செருப்பு இல்லை. பை இல்லை. தெரு முச்சூடும் ஓடுனேன், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனேன். டீக்கடைக்காரர்தான் சொன்னாரு, திருப்பூர் வண்டியில ஏறுனாருன்னு. மத்தியானம் திரும்பி வந்தாரு. பையில ஷெரின் குடுத்த படச் சீட்டு. 'எங்க போனீங்க, உசுரே போச்சே எனக்கு'ன்னு அழுதேன். நேரா உள்ள போயி, நாற்காலியத் திருப்பிப் போட்டுச் சன்னலைப் பாத்து உக்காந்துக்கிட்டாரு. அன்னையில இருந்து செவ்வாயும் வெள்ளியும் தனியாத்தான் போறாரு.

நான் நெனச்சேன், அதிர்ச்சியில பேச்சு மறுபடியும் நின்னுபோச்சுன்னு. ஷெரினுக்குக் கூடப் போன் பண்ணுனேன். 'இல்லியேம்மா, இங்க நல்லாப் பேசறாரே'ன்னுச்சு. நான் நம்பலை. அப்புறம் ஒரு நாள் ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில துணி தொவைச்சுட்டு இருக்கேன். மதில் அந்தப்பக்கம் முத்துராசு ஊடு. 'ஏனுங்ணா, நல்லா இருக்கீங்களா?'ன்னு முத்துராசு கேக்கறான். 'நல்லா இருக்கேன் முத்து. ஒங்களுக்குத் தண்ணி வந்துருச்சா? மோட்டாரைப் போட்டுப் பாத்தியா?' அந்தப் பழைய கொரலு கண்ணு. கடைசி சீட்டு வரைக்கும் கேக்குமே, அந்தக் கொரலு. கொஞ்சம் மெதுவா வருது, அவ்வளவுதான். நான் சோப்புக் கையோட மதிலுகிட்டப் போயி நின்னுக்கிட்டேன். தக்காளி வெதை ஊனறதைப் பத்திப் பேசறாங்க. முத்துராசு சின்னப்புள்ளையா இருந்தப்பப் பஸ்ஸுல வாந்தி எடுத்த கதையச் சொல்லி அவரு சிரிக்கறாரு. நான் மதிலுக்கு மேல எட்டிப் பாத்தேன். பாத்தாரு. வாயை மூடிக்கிட்டாரு.

உள்ள வந்து அழுதேன். அழுது முடிச்சு... எழுதினேன். எழுதாம என்ன பண்ணறது? வேற ஆருகிட்டச் சொல்லறது? 'என் கணவர் பேசிவிட்டார். என்னிடம் அல்ல'ன்னு ஆரம்பிச்சேன். நாப்பத்தி மூணாயிரம் பேரு. இதுவரைக்கும் அதிகமாப் படிச்சது அதுதான். நீ கூட அதைப் படிச்சுட்டுத்தான் எனக்குப் போன் பண்ணுனே, இல்லியா? பாத்தியா, நான் சொல்லலை? சரக்கு இருந்தா வருவாங்க.

அதைப் படிச்சுட்டு மேகலா கூப்புட்டா. வெளியூர்ல இருக்கறவளுக்கு என்ன கோவம்! 'எல்லாத்தையும் அழிச்சுரும்மா. இப்பவே அழி'ங்கறா. அவகிட்டப் பேசியிருக்காரு. வாரம் ரெண்டு தடவை போன்ல பேசறாராம், எனக்குத் தெரியாம. 'அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? உங்கம்மாகிட்ட வாயத் தொறந்தா ஊருக்கே கேக்குதுன்னாரு'ன்னா. 'அம்மா, எனக்கும் படிக்கறப்பப் புடிச்சுத்தான் இருந்துச்சு, நானும் நாலு பேருக்கு அனுப்புனேன், எனக்கும் பங்கு இருக்குது'ன்னு அழுதா.

அழிக்கலாம்னுதான் தொறந்தேன். அறுநூத்துச் சொச்சம் எழுதியிருக்கேன். 'நிச்சயமா அழிக்கட்டுமா?'ன்னு கேக்குது. வெரலை வெச்சுட்டு உக்காந்திருந்தேன் கண்ணு. நாலு வருசம் அவரு எங்கிட்டப் பேசினதெல்லாம் அதுலதான் இருக்குது. அழிச்சுட்டா என்னைத் தாராபுரம்னு கூப்புட்டது எங்க இருக்கும்? இனிமேப் புதுசா ஒரு வார்த்தை எனக்கு வரப் போகுதா? மூடி வெச்சுட்டேன்.

எழுதாமலாவது இருக்கலாம்னு பாத்தேன். ஒரு வாரம் இருந்தேன். 'அம்மா, என்ன ஆச்சு? சார் பேசினாரா? காத்துக்கிட்டு இருக்கோம்'னு எண்ணூறு கமெண்ட். அவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியுமா? என்னை நம்பி வந்தவங்க. மறுபடியும் சமையல் எழுதினேன். தொண்ணூறு பேரு. நெசத்தை எழுதுனா அவரு இன்னும் தள்ளிப் போறாரு. எழுதாட்டி இந்த ஊட்டுல நானும் சுவருந்தான். பொய் எழுதலாம், எங்கிட்டப் பேசிட்டாருன்னு. அது மட்டும் எனக்கு வராது.

இந்தா, காப்பி ஆறிருச்சு பாரு, வேற போட்டுத் தாரேன். ரெண்டு டம்ளராத் தாரேன். ஒண்ணை நீ முன் ரூம்புக்கு எடுத்துட்டுப் போயி அவருகிட்டக் குடு. உங்கிட்டப் பேசுவாரு. எல்லார்கிட்டயும் நல்லாப் பேசறாரு. உன்ற ஊரு எது, எந்த வண்டியில வந்தேன்னு கேப்பாரு. சித்த நேரம் உக்காந்து பேசு. நான் கதவுகிட்ட வந்து நிக்க மாட்டேன், இங்கயே இருக்கேன், அடுப்புல வேலை இருக்குது.

போறப்ப மட்டும் இந்த வழியா வந்துட்டுப் போ கண்ணு. என்ன சொன்னாருன்னு சொல்லு. எழுதறதுக்கில்ல.